வடகிழக்குக் காற்று

ஏப்ரல் பிறந்து நாலு நாள் வெயில் அடித்துவிட்டால் போதும், கெட்டில் ஓடைப் பக்கத்து ஆட்களுக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிடும். ஆண்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரிவார்கள். பெண்கள் குளிர்காலமெல்லாம் ஆணியில் தொங்கிய கனத்த கோட்டுகளைக் கொடியில் போட்டுத் தட்டுவார்கள். வடக்கு டகோட்டாவில் ஏப்ரலை நம்பினவன் பிழைத்ததில்லை என்று அவர்களேதான் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே கோட்டை மடித்துப் பெட்டியில் வைப்பார்கள். முற்றமெல்லாம் சேறு, வானமெல்லாம் வடக்கே போகிற வாத்துக் கூட்டம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் லவோனின் அடுப்படியில் இருந்த வானிலை ரேடியோ ஊளையிட்டது.

ஊளை நின்றதும் மூக்கடைத்தவன் பேசுவது போன்ற அந்த இயந்திரக் குரல் வந்தது. சனிக்கிழமை மாலையிலிருந்து பனிப்புயல் வரக்கூடும், கவனமாக இருக்கவும், பனி பத்து முதல் பதினாறு அங்குலம் என்றது. லவோன் எட்டி அதை அமுக்கிவிட்டாள். அங்குலக் கணக்கு காதில் விழுந்ததும் ரேடியோவின் வாயை அடைப்பது அந்த ஊர் வழக்கம். மிச்சமெல்லாம் தெரிந்த கதைதானே என்ற நினைப்பு.

"பத்துலேருந்து பதினாறு அங்குலமாம்" என்றாள்.

ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த அவள் புருஷன் டெல்மர் "ம்" என்றான். மாவுக்கட்டுப் போட்ட இடது காலை முக்காலியின் மேல் நீட்டியிருந்தான்.

"இப்ப வரலாம்னுதான் சொல்றான். இன்னும் எச்சரிக்கை போடல."

"ம்."

"ம்முன்னா என்ன அர்த்தம்? கிடேரிகள மரத்தடிக்கு ஓட்டட்டுமா, வேண்டாமா?"

"எப்பவும் அங்கதான ஓட்டுவோம்."

அந்த வாரத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். பிப்ரவரியில் ஒரு கிடேரி மிரண்டு அவனைக் கேட்டோடு சேர்த்து நெரித்துவிட்டது. எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடியும் வந்தது. ஆனால் ஆளுக்குள்ளே வேறென்னவோ ஒடிந்துபோயிருந்தது. ஊன்றுகோல் இரண்டும் வாங்கி வந்த அன்று சாத்திய இடத்திலேயே சாத்தியிருந்தன. பிக்கப் வண்டியில் ஏறச் சொன்னால் "எதுக்கு?" என்பான். இந்த 'எதுக்கு'வுக்குத்தான் லவோன் பயந்தாள். புயலுக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை.

போன வருஷ வறட்சியில் புல் கருகி, கறவை முடிந்த பசுக்களையெல்லாம் விற்றாகிவிட்டது. கையில் மிஞ்சியவை தலைச்சூல் கிடேரிகள் மட்டுந்தான். இந்தக் கிடேரிகள் கன்று போட்டு நிமிர்ந்தால் பண்ணை நிமிரும். இவையும் போனால் டெல்மர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க ஒரு காரணமும் இருக்காது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானேயும் அரைகுறையாகத்தான் சொல்லிக்கொண்டாள்.

ஊர் முழுக்க 'வரலாம்' என்பதற்கு 'வராது' என்றுதான் பொருள் எடுத்துக்கொண்டது. லவோன் அப்படி எடுத்துக்கொள்கிறவள் அல்ல. விருந்தாளி வரக்கூடும் என்று தகவல் வந்தால் அரிசியையாவது களைந்து வைப்போமே, அந்த மாதிரி அவள் வேலையைத் தொடங்கினாள். குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தாள். கரண்ட் போனால் கிணற்று மோட்டார் ஓடாது. வீட்டு வாசல் தூணிலிருந்து மாட்டுக் கொட்டகைக் கதவு வரைக்கும் கயிறு கட்டினாள். பனிப்புயலில் தன் வீட்டு முற்றத்திலேயே வழி தவறிச் செத்தவர்கள் அந்தச் சீமையில் உண்டு. டிராக்டருக்கு டீசல் ஊற்றினாள், பிறக்கப்போகும் கன்றுகளுக்குச் சீம்பால் பொடியும் பழைய துண்டுகளும் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தாள். டிப்பி என்கிற கிழட்டு நாய் அவள் பின்னாலேயே போய்ப் போய்ச் சேற்றோடு வந்தது.

சனிக்கிழமை காலையில் நாலு சக்கர பைக்கில் போய்க் கிடேரிகளை ஓட்டிவந்து மரத்தடியில் சேர்த்தாள். வீட்டுக்கு மேற்கிலும் வடமேற்கிலும் வரிசை வரிசையாக நின்ற அந்த மரங்களை டெல்மரும் அவன் அப்பாவும் நட்டார்கள். வறண்ட காலத்தில் பீப்பாயில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவை. வடமேற்கிலிருந்து எவ்வளவு பெரிய புயல் வந்தாலும் அதற்கு இந்தப் பக்கம் மெழுகுவர்த்தி அணையாது என்று டெல்மர் பெருமை பேசுவான். பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

வைக்கோல் பரப்பிவிட்டு வந்து, நாலு நாளைக்கு ரொட்டி இருக்கட்டும் என்று மாவு பிசைய உட்கார்ந்தாள். அப்போது ரேடியோ மறுபடி ஊளையிட்டது. முழங்கை வரை மாவு. ரேடியோவை அமுக்கக் கை இல்லை.

பனிப்புயல் எச்சரிக்கை, என்றது குரல். 'வரலாம்' எல்லாம் போய்விட்டது. விருந்தாளியின் வண்டி வாசலில் திரும்பிவிட்டது. முதலில் மழை, மாலைக்குள் பனி, பன்னிரண்டு முதல் பதினெட்டு அங்குலம். வழக்கமாக இந்த இடத்தில்தான் அதன் வாய் அடைபடும். இன்று அது பாட்டுக்குப் பேசிக்கொண்டு போயிற்று. வடகிழக்குக் காற்று, மணிக்கு ஐம்பது மைல், கண்ணுக்கு எதிரே கை தெரியாது, கால்நடைக்கு ஆபத்து.

லவோனின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

"டெல்மர், வடகிழக்குங்கறான்."

"வடமேற்குன்னு சொல்லியிருப்பான்."

"என் காது நல்லாத்தான் இருக்கு."

"பெட்டிக்கு என்ன தெரியும், விடு."

"விட முடியாது. திரும்பச் சொல்லும், நீயே கேளு."

அது அவ்வளவு சீக்கிரம் திரும்பச் சொல்லவில்லை. பக்கத்து மாவட்டங்கள், ஆற்று வெள்ளம், நேற்றைய வெப்பம் என்று ஊர்க்கதையெல்லாம் அளந்துவிட்டுத்தான் வந்தது. இருவரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வடகிழக்கு, என்றது மறுபடியும்.

டெல்மர் ஜன்னல் வழியாகப் பார்த்தான். மரத்துக்கு இந்தப் பக்கம் கிடேரிகள் வெயிலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. வடகிழக்கே திரும்பினால் ஒரு புதர்கூடக் கிடையாது, அடிவானம் வரை மொட்டைப் புல்வெளி. மாடு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நகரும். நகர்ந்து மரத்தில் முட்டி நிற்கும். அந்த மரமே பனியைப் பிடித்து அவற்றின் மேல் கொட்டும்.

"அந்தப் பக்கம் நமக்கு ஒண்ணுமே இல்ல, லவோன்" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"ஓடை வளைவு இருக்கு."

"அது நம்ம நிலம் இல்ல."

"ஹால்வர் நிலம்னு எனக்கும் தெரியும். வடக்கேயும் கிழக்கேயும் காடு. அத விட்டா வேற எடம் சொல்லு."

பக்கத்துப் பண்ணை ஹால்வரின் பேரை அந்த வீட்டில் எடுத்துப் பல வருஷமாகிவிட்டது. டெல்மரும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒருவன் கல்யாணத்துக்கு ஒருவன் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர்கள். ஹால்வரின் பெரிய வெள்ளைக் காளை ஒரு கோடையில் வேலி தாண்டி வந்து டெல்மரின் சின்னக் கிடேரிகளோடு சேர்ந்துவிட்டது. கன்றுகள் வயிற்றிலேயே பெருத்து, ஈன முடியாமல் சில கிடேரிகள் செத்துப்போயின. டெல்மர் தேவாலய விருந்தில் எல்லோர் முன்னாலும் நாக்கை நீட்டிப் பேசிவிட்டான். ஹால்வர் மறுநாளே இரண்டு நிலத்துக்கும் நடுவே ஐந்து கம்பி முள்வேலி போட்டான். அதோடு பேச்சு நின்றது.

லவோன் மாவுக் கையோடு போனை எடுத்தாள்.

"ஹால்வர், நான் லவோன் பேசறேன்."

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. உங்க ஓடை வளைவுல எங்க கிடேரிங்கள விடணும். புயலுக்கு."

"ஏன், டெல்மரோட மரத்துக்கு என்ன வந்துச்சு? அதுக்குப் பின்னால மெழுகுவர்த்தி அணையாதுன்னு ஊரெல்லாம் சொல்லுவானே."

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"வேணுங்கறவன் அவனே கேக்கட்டும். அவனுக்குக் கால்தான ஒடிஞ்சுது, வாய் இல்லயே."

லவோனுக்குக் கோபத்தில் கண் கலங்கியது. அப்போது நாற்காலி கிறீச்சிட்டது. டெல்மர் போனுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

வாங்கி வணக்கம் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. ரேடியோ சொன்னதை அப்படியே ஒப்பித்தான். "சாயங்காலத்துக்குள்ள பனி. பதினெட்டு அங்குலம் வரைக்கும். காத்து வடகிழக்கு, ஐம்பது மைல்." கொஞ்சம் நிறுத்தி, "வடகிழக்குடா, ஹால்வர். நீ ரேடியோவ அங்குலத்தோட அமுக்கியிருப்ப. உன் மாடும் மரத்துக்கு இந்தப் பக்கந்தான நிக்குது?"

ஹால்வர் ஜன்னல் பக்கம் நடந்துபோகிற சத்தம் போனில் கேட்டது.

"நெசமாவா?" என்றான் ஹால்வர்.

"நானே ரெண்டு தடவ கேட்டேன்."

"சரி. வேலிய அறுக்கறேன். நீ ஓட்டிக்கிட்டு வா."

'வா' என்ற அந்த ஒரு சொல்லை டெல்மர் எப்படி எடுத்துக்கொண்டானோ, போனை வைத்துவிட்டுச் சுவரோரம் சாத்தியிருந்த ஊன்றுகோல்களைப் பார்த்தான். "அதுங்கள எடு" என்றான்.

"நீ எங்க போற?"

"ஒடிஞ்சது எடது கால். நம்ம வண்டிக்குத்தான் கிளட்ச் இல்லயே, வலது கால் போதும். தீவன வண்டியோட ஹாரன் கேட்டாத்தான் அதுங்க வரும். பின்னாலேருந்து நீ மட்டும் தொரத்தினா மூலைக்கு ஒண்ணா ஓடும்."

"நீ எதுக்குன்னு கேப்பேன்னு பாத்தேன்."

"வாய மூடிக்கிட்டு கோட்ட எடும்மா" என்றான். லவோன் பெட்டியில் மடித்து வைத்த கோட்டுகளைத் திரும்ப எடுத்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, கோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மடி இறங்கி, இன்றோ நாளையோ என்று நின்ற சில கிடேரிகளை மட்டும் கொட்டகைக்குள் விட்டார்கள். மற்றவை டெல்மரின் ஹாரன் சத்தத்துக்குக் காதைத் தூக்கி, தீவன வாசனைக்கு மூக்கை நீட்டி, வண்டிக்குப் பின்னால் நடந்தன. லவோன் பைக்கில் கடைசியாக வந்தாள். வெயில் முதுகில் சுட்டது. இந்த வெயிலில் வயிற்றுப்பிள்ளைக்காரி மாடுகளைச் சேற்றில் ஓட்டிக்கொண்டு போகிறோமே, பைத்தியக்காரத்தனமோ என்று பாதி வழியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போது காற்று நின்றது. நின்று, வலது கன்னத்தில் சில்லென்று ஒரு கை வைத்தது போல் வந்தது. வடகிழக்கே அடிவானத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றிய மாதிரி ஒரு கோடு.

வேலி அறுந்து இரண்டு பக்கமும் சுருண்டு கிடந்தது. ஹால்வர் அறுத்த கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனுடைய மாடுகள் ஏற்கெனவே வளைவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. இளைத்துப்போயிருந்தான். அவன் மனைவி இங்க்ரிட் இறந்துபோனதிலிருந்து ஊர்க்கூட்டத்துக்கே வருவதில்லை.

"கலந்துருமே" என்று வண்டிக்குள்ளிருந்து டெல்மர் கத்தினான்.

"கலந்தா பிரிச்சுக்கலாம். செத்தா பிரிக்க முடியுமாடா?" என்று ஹால்வரும் கத்தினான். "கரையோரம் ஒட்டி விடாத! பனி அங்கதான் வந்து கொட்டும். நடுவுல விடு, காட்ட ஒட்டி!"

ஹால்வர் டிராக்டரில் வைக்கோல் உருளைகளைக் கொண்டுவந்து போட்டான். லவோன் கட்டறுத்துப் பிரித்தாள். கடைசி உருளைக்கு மழை பிடித்துவிட்டது. மேலே ஏறி வருவதற்குள் அது பனியாகிக் கண்ணில் அடித்தது. ஹால்வர் தன் வீட்டுப் பக்கம் டிராக்டரைத் திருப்பினான். காற்றுக்கு எதிரே இரண்டு மைல் போக வேண்டும்.

லவோன் பைக்கை அவன் முன்னால் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினாள். "எங்க போறீங்க? எங்க வீடுதான் கிட்ட."

"இல்ல, நான் போய்க்கறேன்."

"போய் ரோட்டோரப் பள்ளத்துல கெடக்கப் போறீங்களா? உங்கள வேற தேட எங்களுக்குக் காலில்ல. வாங்க!"

அப்படித்தான் பல வருஷம் பேசாத இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரே அடுப்படியில் மாட்டிக்கொண்டார்கள். கரண்ட் இருட்டுவதற்கு முன்பே போயிற்று. கேஸ் அடுப்பு மட்டும் எரிந்தது. கொட்டகையில் கன்று போடும் கிடேரிகளை லவோனும் ஹால்வரும் மாறி மாறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து வந்தார்கள். பிறந்த கன்று ஒன்று அடுப்புக்கு முன்னால் துண்டில் சுற்றிக் கிடந்தது. வீடு நடுங்கியது. ஓடை வளைவில் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. போய்ப் பார்க்கவும் வழியில்லை. அந்தத் தவிப்பைப் பேசாமல் சீட்டாடிக் கழித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டு வேகவைத்ததைத் தின்றுகொண்டிருந்தபோது டெல்மர்தான் தொடங்கினான்.

"உன் காளை என் வேலியத் தாண்டுச்சு."

"தாண்டலடா. உன் வேலி முழங்கால் உசரம் இருந்துச்சு. அது நடந்து வந்துச்சு."

லவோன் புரையேறி இருமினாள்.

"என் கிடேரிங்க செத்துச்சு, ஹால்வர்."

"தெரியும்." ஹால்வர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சொல்லிட்டுப் போலாம்னு உன் வாசலுக்கு ரெண்டு தடவ வந்தேன். நாய் இருந்துச்சு, திரும்பிட்டேன்."

"டிப்பியா? அது உன்னப் பாத்தா வால ஆட்டுமேடா!"

"ஆட்டுச்சு. அதப் பாத்ததும் எனக்கு அழுக வந்துருச்சு. அந்த மூஞ்சியோட உள்ள வரச் சொல்றியா?"

மேசைக்கடியில் டிப்பி தன் பேர் கேட்டு வாலைத் தரையில் தட்டியது. பிறகு ஹால்வர் கரண்டியைக் கீழே வைத்தான்.

"காளை, வேலி எல்லாம் போவட்டும். இங்க்ரிட்ட பொதைச்ச அன்னிக்கு நீ வந்த. பின்வரிசைல நின்ன. காப்பி குடிக்காமப் போயிட்ட."

அந்த ஊரில் சாவுக்கு வராதவனைக்கூட மன்னிப்பார்கள். வந்துவிட்டு, தேவாலயத்துக் கீழறையில் எல்லோரும் உட்கார்ந்து குடிக்கிற அந்தக் காப்பியைக் குடிக்காமல் போனால், செத்தவர் வீட்டோடு உறவு அறுந்தது என்று பொருள். லவோன் அன்று டெல்மரின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தவள்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கீழ வர்றது?" என்றான் டெல்மர். "நான் விருந்துல பேசினப்ப அவ எதிர்ல உக்காந்திருந்தா. என்னயே பாத்தா. அந்தப் பார்வைக்கப்புறம் அவளோட காப்பிய நான் எப்படிடா குடிப்பேன்?"

டெல்மர் ஊன்றுகோலை எடுத்தான். லவோன் எழப்போனாள், அவன் வேண்டாமென்று கையைக் காட்டினான். தட்டுத்தடுமாறி அடுப்புக்குப் போய், ஒரு கக்கத்தில் கோலை இடுக்கிக்கொண்டு காப்பிப் பாத்திரத்தைத் தூக்கினான். வழியெல்லாம் சிந்தியது. முதலில் ஹால்வரின் கோப்பையில் ஊற்றினான், பிறகு தன் கோப்பையில். நின்றுகொண்டே குடித்தான், கடைசி மடக்கு வரை.

"இங்க்ரிட்டுக்கு" என்றான்.

ஹால்வர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "காப்பி தண்ணி மாதிரி இருக்கு. அவ இருந்தா உன்னத் திட்டியிருப்பா."

திங்கட்கிழமை காலையில் காற்று செத்துக் கிடந்தது. வெளியே வந்தவர்கள் முதலில் பார்த்தது மரத்தடியைத்தான். காலமெல்லாம் மாடுகள் நின்ற இடத்தில் ஒரு குன்று எழும்பியிருந்தது. மர உச்சிகள் மட்டும் அதன் மேல் செடிகள் போல் நீட்டிக்கொண்டிருந்தன. டெல்மர் நெடுநேரம் அதைப் பார்த்தான். அதற்குள் என்ன புதைந்திருக்கும் என்பதை மூவரும் மனத்தில் பார்த்துவிட்டார்கள்.

ஹால்வரின் டிராக்டரில் மூவரும் நெருக்கியடித்து ஏறி, பனியைத் தள்ளித் தள்ளி ஓடை வளைவுக்கு வந்தார்கள். கரையோரமெல்லாம் பனி சுவராக நின்றது. லவோன் கண்ணை மூடிக்கொண்டாள். ஹாரனை டெல்மர்தான் அடித்தான்.

காட்டை ஒட்டி, மிதித்துக் கறுத்த வைக்கோல் மேலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. முதுகெல்லாம் பனிப்பொருக்கோடு, மூக்கில் ஆவி பறக்க, இரு வீட்டு மாடுகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு எழுந்தன. அவற்றின் கால்களுக்கிடையே புதுக் கன்றுகள் தள்ளாடின. இரண்டு கன்றுகள் விறைத்துக் கிடந்தன, அவை பிழைக்கவில்லை. மற்றதெல்லாம் உயிரோடு கத்திக்கொண்டிருந்தது. லவோன் கத்திய சத்தம் மாடுகளின் சத்தத்தைவிடப் பெரிது.

"ஏய், அந்தக் கன்னு யாரோடது?" என்றான் ஹால்வர். கருப்புக் கன்று ஒன்று ஹால்வரின் வெள்ளைப் பசுவிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"குடிக்கட்டும் விடுடா. பிரிக்கறது அப்புறம்" என்றான் டெல்மர்.

பிரிக்க இரண்டு வாரம் ஆயிற்று. அவசரம் யாருக்கும் இல்லை. ஹால்வர் தினமும் காலையில் வந்து டெல்மரைக் கூப்பிடுவான். போகும்போது ஒருவர் கன்றை ஒருவர் திருடுவதாகச் சண்டை பிடித்துக்கொண்டு போவார்கள். வேலிக் கம்பி சுருண்ட இடத்திலேயே கிடந்தது. மாவுக்கட்டு கழற்றிய மறுநாள், மூவரும் அடுப்படியில் காப்பி குடித்துக்கொண்டிருக்கையில் ரேடியோ பேசத் தொடங்கியது. லவோன் பழக்கத்தில் கையை நீட்டினாள். இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் "இரு!" என்றார்கள்.

பக்கத்து மாவட்டம், ஆற்று வெள்ளம், நேற்றைய வெப்பம் எல்லாவற்றையும் அது சாவகாசமாகச் சொல்லி முடித்தது. மூவரும் கோப்பையைக் கையில் பிடித்தபடி அசையாமல் கேட்டார்கள்.

"தெக்குக் காத்தாம்" என்றான் டெல்மர்.

"மெதுவா வீசுமாம்" என்றான் ஹால்வர்.

லவோன் எழுந்து போய் ஆணியில் தொங்கிய மூன்று கோட்டுகளையும் எடுத்தாள். பெட்டியைத் திறந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, திரும்பவும் ஆணியிலேயே மாட்டினாள்.